சுருள் வாசிக்காத சோலோ

“முதுகுல வெட்டிடு. யாரும் திருப்பிப் பாக்கப் போறதில்ல,” என்றாள் அம்மா.

மகள் கையில் கத்தரிக்கோல் இருந்தது, மடியில் கறுப்பு டி-ஷர்ட். கட்டிலில் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சரிந்துவிடாமல் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மூச்சு அடங்கிய உடம்பு. முழங்கை இனி மடங்காது. சட்டையை முதுகில் நீளமாக வெட்டி, முன்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களைக் கீழே செருகிவிட்டால் போட்ட மாதிரியே இருக்கும் என்று நர்ஸ் போகும்போது சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“வெள்ளச் சட்ட ஒண்ணு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேம்மா. அதப் போட்டுடலாமே.”

“இதத்தான் வேணும்னாரு. இருந்த வரைக்கும் அவரு கேட்டதுல பாதிய நான் செஞ்சதில்ல. இதையாவது செஞ்சுட்டுப் போறேன். வெட்டுடி.”

மகள் சட்டையைப் புரட்டினாள். நெஞ்சுப் பக்கம் ஒரு பழைய கேசட் அட்டையின் படம். அதன் கீழே வெள்ளை எழுத்தில் ‘கிட்டார்: சுருள்’. அந்த இரண்டு சொல்லும் பொய் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பொய்யை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் எரியப் போகிறார், அதற்குச் சட்டையை வெட்டிக்கொடுப்பது நான் என்று நினைத்தபோது அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற வேலை அவளுக்கு. பக்கத்து சீட்டில் இருக்கிற பிரேக்கை மிதித்து மிதித்து, பயம் வந்தால் எங்கே இருந்தாலும் கால் அதைத் தேடும்.

வெட்டினாள். இரண்டு பேருமாகச் சட்டையைப் போர்த்தினார்கள். அம்மா காலர் பக்கத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வீடு எவ்ளோ அமைதியா இருக்கு பாத்தியா?”

கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வாயை மூடிக்கொண்டு நின்றது. மாதக்கணக்காக இரவும் பகலும் அது பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. அது விட்டால்தான் அவர் விடுவார். அதன் சத்தத்துக்கு ஒரு காது, அவர் இருமலுக்கு ஒரு காது என்று அம்மா தூங்கியே பல மாதம் ஆகிறது. தனக்கு அழுகை வரும் என்று மகள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது அழுகை இல்லை, ‘அப்பாடா’ என்ற ஒரு சொல். அதை வெளியே சொல்லாமல் விழுங்கினாள்.

“சொல்லிக்கோ,” என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமலே. “நான் காலையிலேயே சொல்லிக்கிட்டேன். அவரு பட்டது போதும்.”

அம்மாவுக்கு அவ்வளவு சுலபம். மகளுக்கு இன்னொன்று மிச்சம் இருந்தது.

அப்பா வாழ்நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவர். அதற்கு முன்னால், அவருக்குத் தலைநிறைய சுருட்டை முடி இருந்த காலத்தில், ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்தார். குழுவின் பெயர் ‘எட்டாம் நம்பர்’. யாரிடமும் வண்டி இல்லாததால் எட்டாம் நம்பர் பஸ்ஸில்தான் பயிற்சிக்குப் போவார்கள். குழு ஒரே ஒரு கேசட் போட்டது. அதில் கடைசிப் பாட்டின் முடிவில் நீளமாக ஒரு கிட்டார் சோலோ வரும். கேசட் விற்கவில்லை, குழு கலைந்தது, அப்பா முடியை வெட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டார். கொஞ்ச நாளில் வெட்டுவதற்கும் முடி இல்லாமல் போனது. சுருள் என்கிற பெயர் மட்டும் கடையில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பல் டாக்டர் அவரைப் பிடித்தார். வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்தவர், உள்ளே யாரோ “சுருளண்ணே” என்று கூப்பிட்டதும் கவுண்டரைத் தாண்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க அந்த எட்டாம் நம்பர் சுருளா?” “ஆமா.” “ஐயோ, அந்த சோலோ!” அப்பா வாயைத் திறப்பதற்குள் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் ‘இல்ல சார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். கண் கலங்கி நிற்கிற ஆளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டார். அப்புறம் அதைச் சொல்கிற நேரம் வரவே இல்லை.

டாக்டரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. ‘ஓரத்துக் கிட்டார்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட, முக்கால்வாசி நரைத்த கூட்டம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டாக்டரின் கிளினிக் வரவேற்பறையில், ஈறு வியாதிப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவர வேண்டும். யாரும் கொண்டாடாத கிட்டாரிஸ்ட்டாக இருக்க வேண்டும்: இரண்டாவது கிட்டார் வாசித்தே கிழவனானவர், ஒரு நாள் கூலிக்கு வாசித்துவிட்டுப் போனவர், இன்னும் ஹோட்டல் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பெரியவர். உலகமே கொண்டாடுகிற பெயரை யாராவது தவறிப்போய்ச் சொல்லிவிட்டால் தண்டனை உண்டு. அந்தப் பாட்டு முடிகிற வரை பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க வேண்டும். பாட்டு முடிந்து கடைசிக் கம்பி அடங்கும் வரை ஒருவரும் பேசக் கூடாது. அப்புறம் பேச்சு கிளம்பினால் ஓயாது.

அந்தக் கூட்டத்தில் அப்பாதான் மூத்தவர், எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. அந்த சோலோவை அணு அணுவாகப் பிரித்துச் சொல்வார். அதன் நடுவில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அது டீ கிளாஸில் வேண்டுமென்றே தட்டியது என்று அவர் சொல்ல, எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் விரல் வலி வந்துவிடும்.

போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் மாஸ்க்கை நகர்த்திவிட்டு மகளிடம் சொன்னார்.

“அன்னைக்கு நான் போகலம்மா. எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கழுத்து இவ்ளோ பெருசு. அட்டைய அதுக்கு முன்னாடியே அடிச்சிட்டாங்க, எம் பேரப் போட்டு.”

“அப்போ வாசிச்சது யாருப்பா?”

“எவனோ ஒரு பையன். பஸ் ஸ்டாப்புல நின்னவன இழுத்துட்டுப் போனாங்களாம். பேருகூடத் தெரியாது.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “ஓரத்துல நிக்கிறவனுக்குப் பேரு வாங்கிக் குடுக்கத்தான் அந்தக் கூட்டமே. அதுல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் பேர நான் தின்னுட்டேன். நீ சொல்லிடு. நான் இருக்கும்போது வேணாம், அவங்க மூஞ்சியப் பாக்க முடியாது. எரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடு.”

சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

பத்து மணி வாக்கில் கூட்டம் வந்து சேர்ந்தது. எல்லோரும் அதே கறுப்பு டி-ஷர்ட்டில். தொப்பை வைத்தவர்களுக்கு ‘சுருள்’ அகலமாகத் தெரிந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கிவந்து இளைத்தார்கள். அப்பாவின் தங்கை, மகளுக்கு அத்தை, அவள் காதோரம் குனிந்து கேட்டாள்.

“யாருடி இவங்க? சாவு வீட்டுக்கு யூனிஃபார்ம் போட்டுட்டு வந்திருக்காங்க?”

“அப்பாவோட ஆளுங்க அத்த.”

“இந்த வயசுல ஆளுங்களா? எங்கண்ணன் வாயத் தொறந்து பேசி நான் பாத்ததே இல்லையே.”

பல் டாக்டர் அப்பாவின் நெஞ்சிலிருந்த எழுத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். இப்போதே சொல்லிவிடலாம் என்று மகள் அவர் பக்கத்தில் போனாள்.

“டாக்டர், உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“தண்ணி எங்கம்மா இருக்கு?” என்று குறுக்கே ஒரு குரல் வந்தது. ரிட்டையரான சர்வேயர். நிலம் அளக்கிற வேலையில் இருந்தவர், கூட்டத்தில் எப்போதும் கடைசி பெஞ்சு. தண்ணீர்ச் செம்பு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் டாக்டரை அத்தை பிடித்துக்கொண்டு தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருந்தாள்.

சவப்பெட்டி லிஃப்டில் கொள்ளவில்லை. படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினார்கள். “மெதுவா, தலப்பக்கம் தூக்கு, செவுரு செவுரு” என்று ஆளுக்கு ஒரு உத்தரவு. மகள் தன் தொழில் புத்தியில் “லெஃப்ட் ஒடிங்க, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தி மூச்சு வாங்கியபோது டாக்டர் அவளுக்கு நேர் எதிரே இருந்தார். வாயைத் திறந்தாள். “தூக்கலாமா?” என்றார் பின்னாலிருந்து சர்வேயர். அந்த ஆள் மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவர்தான் முந்தாநாள் தனியாக வந்து அப்பாவைச் சிரிக்க வைத்து, இருமல் அடங்காமல் போய், அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போனவர்.

தகனக் கூடத்தில் முறை வரக் கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். ஸ்பீக்கரை மாட்டினார்கள். “முதல்ல நான் ரெண்டு வார்த்தை பேசறேன், அப்புறம் நீ பேசணும்மா. அப்புறம் சோலோ. அதோட அனுப்பி வெச்சிடலாம்,” என்றார் டாக்டர். கையிலிருந்த குறிப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டார். “உலகம் கண்டுக்காத கலைஞன்னு ஆரம்பிக்கிறேன். சரியா இருக்குமா?”

இனி தள்ளிப்போட இடமில்லை. “டாக்டர், கொஞ்சம் வெளிய வாங்க,” என்றாள்.

பின்பக்கம் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு அவள் போனாள். பின்னால் வந்தது டாக்டர் இல்லை, சர்வேயர்.

“டாக்டர ஸ்பீக்கர்கிட்ட நிக்கச் சொல்லிட்டு வந்தேன்.”

“உங்களுக்கு என்னதான் சார் வேணும்? காலையிலேருந்து பாக்கறேன்.”

“நீ அவர்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும்மா.”

“தெரியாது. வழி விடுங்க.”

“உங்கப்பாவுக்கு அன்னைக்குப் பொன்னுக்கு வீங்கி. அதானே?”

அவள் நின்றாள்.

“அப்பா உங்ககிட்டயும் சொன்னாரா?”

“நான்தான் அவர்கிட்ட சொன்னேன்.” சர்வேயர் ஒரு வண்டியின் பானெட்டில் கை ஊன்றிக்கொண்டார். “அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னவன் நான்.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் விரல்களைத்தான் பார்த்தாள். சாதாரண விரல்கள், நுனியில் கம்பி அழுத்திய காய்ப்பு எதுவும் இல்லை.

“அப்போ நான் காலேஜ். சாயங்காலம் ஒரு ஹோட்டல்ல வாசிப்பேன். அவங்க டிரம்ஸ்காரனுக்கு என்னைத் தெரியும். ‘ஆளுக்குப் பொன்னுக்கு வீங்கி, வரல, நீ வாடா’ன்னு இழுத்துட்டுப் போய்ட்டான். கிட்டார்கூட இரவல். ஸ்டுடியோவுல நேரம் முடியப்போகுது, ஒரே தடவதான் வாசிக்கலாம்னாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நட்டநடுவுல மேல் கம்பி அறுந்து கன்னத்துல அடிச்சுது. ரத்தம். நிறுத்த முடியாது. மிச்சம் இருந்த கம்பியில எப்படியோ உருட்டி முடிச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் மூஞ்சியையும் பாக்கல. கிட்டார வெச்சுட்டு ஓடியே வந்துட்டேன். ஊரான் கேசட்டக் கெடுத்துட்டோம்னு அவ்ளோ வெக்கம். அட்டையில எம் பேரு இல்லன்னு தெரிஞ்சப்போ நிம்மதியா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் கிட்டாரத் தொடல.”

“பின்ன இந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்தீங்க?”

“வேர் சிகிச்சைக்குப் போனேன். நான் வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கேன், டாக்டர் வர்ற ஞாயித்துக்கிழமை வரணும்னாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“போன மொத நாளே அந்தப் பாட்டத்தான் போட்டாங்க. எந்திரிச்சுப் போயிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள உங்கப்பா பேச ஆரம்பிச்சிட்டாரு. நான் எங்க கெடுத்தேன்னு நெனச்சேனோ அந்த எடத்துலேருந்து பிடிச்சாரு. இந்த எடத்துல பாட்டு ஒரு பள்ளத்துல விழுது, விழுந்ததக் காட்டிக்காம எந்திரிச்சு வருது பாருங்கன்னு ஒவ்வொண்ணா எடுத்து வெக்கிறாரு. என் வீட்டுல என்னைப் பத்தி யாரும் அவ்ளோ நேரம் பேசினதில்லம்மா.”

“அப்பவே நான்தான்னு சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா அவரு பேசறத நிறுத்திடுவாரே.”

கூடத்துக்குள் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

“அப்பா இதையே நெனச்சு நெனச்சு... எவ்ளோ தவிச்சாரு தெரியுமா?”

“தெரியல. கடைசியிலதான் தெரிஞ்சுது. முந்தாநாள் பாக்க வந்தப்போ, அந்தப் பாட்டு பேச்ச எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. சொல்லிட்டேன். மாஸ்க்கக் கழட்டிட்டுத் திட்டினாரு பாரு! ‘இத்தன வருஷம் பின்னாடி பெஞ்சுல உக்காந்து என்னை வேடிக்கை பாத்தியாடா’ன்னு. அப்புறம், ‘அந்த டிங் என்னடா?’ன்னாரு. கம்பி அறுந்த சத்தம்னேன். நான் டீ கிளாஸுன்னு சொல்லி வெச்சிருக்கேனேன்னு சிரிக்க ஆரம்பிச்சவருதான். நிக்கவே இல்ல. உங்கம்மா வந்து என்னை வெளிய தள்ளிட்டாங்க.”

அந்தச் சிரிப்பை மகள் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, பேசத் தெம்பு இல்லை. ஆனால் இரண்டு நாளும் முகம் தெளிந்து கிடந்தது. பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு இவர் நிம்மதியாகப் படுத்திருக்கிறாரே என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் கோபப்பட்டும் இருந்தாள்.

“அந்தச் சிரிப்புக்கு நடுவுலயே உன்னைத் தடுக்கச் சொன்னாரு,” என்றார் சர்வேயர். “‘எம் பொண்ணுகிட்ட சொல்லச் சொல்லிட்டேன், அவ சொன்னா செஞ்சிடுவா, எங்கயாவது மடக்கிடு’ன்னு. காலையிலேருந்து மடக்கிட்டிருக்கேன்.”

பல நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது. வண்டியில் சாய்ந்துகொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்தாள்.

“ஆனா அது உங்க பேரு சார். உங்களுக்கு வரவேண்டியது.”

“எம் பேரு எங்கயும் ஓடிப்போகல. வேணும்னா நானே எடுத்துக்குவேன். அதுக்காக நீ எதுக்கு இன்னைக்கு உங்கப்பா சட்டைய உருவணும்?”

டாக்டர் பேசினார். உலகம் கண்டுக்காத கலைஞன் என்று ஆரம்பித்து, குறிப்பை விட்டுவிட்டு, கண்ணாடிக் கடை கவுண்டரில் கையைப் பிடித்த கதைக்கு வந்ததும் அழுதார். அடுத்து மகள். மைக் முன்னால் நின்றபோது, சொல்லாமல் போய் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் சொல்கிறேன் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டும் இருந்தாள். கடைசி வரிசையில் சர்வேயர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா உங்ககிட்ட ஒரு விஷயத்தத் தப்பா சொல்லிட்டாரு,” என்றாள். “அந்த டிங் சத்தம் கிளாஸ் இல்ல. சோலோ நடுவுல மேல் கம்பி அறுந்துபோச்சு. அந்தச் சத்தந்தான் அது. மிச்சக் கம்பியிலதான் மீதிய வாசிச்சாங்க. அப்பாவுக்கே முந்தாநாள்தான் அது...” நிறுத்தினாள். “முந்தாநாள் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. உங்களுக்கும் தெரியணும்னு தோணுச்சு. அவ்ளோதான்.”

கறுப்புச் சட்டைகளுக்குள் சண்டை கிளம்பியது.

“நான் சொன்னேன்ல! கம்பின்னு நான் அன்னைக்கே சொன்னேன்!”

“நீ எங்கய்யா சொன்ன? நீ சைக்கிள் பெல்லுன்ன.”

“பெல்லுன்னது இவரு!”

“ஸ்... சாவுக் கூடம்,” என்றாள் அத்தை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் மட்டும் ஸ்பீக்கர் பக்கத்தில் அசையாமல் நின்றார்.

“அப்போ அதுக்கப்புறம் வர்றது பூரா,” என்றார் மெதுவாக, “மேல் கம்பி இல்லாமலா?”

சத்தம் அடங்கியது. அவர் பாட்டைப் போட்டார். கறுப்புச் சட்டைகள் எல்லாம் எழுந்து நின்றன. உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோலோ கிளம்பியது. எத்தனையோ வருஷமாக மனப்பாடமாகக் கேட்ட பாட்டை அவர்கள் புதிதாகக் கேட்டார்கள். ‘டிங்’ வந்தது. ஒருவர் “அய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். மகள் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் சர்வேயர் முகத்தைச் சட்டென்று ஒருபக்கம் ஒதுக்கியிருந்தார். கம்பி இன்னொரு தரம் கன்னத்துக்கு வருகிற மாதிரி.

பாட்டு முடிந்து கடைசிக் கம்பி அடங்கியது.

“இந்தப் பள்ளத்துல விழுந்துட்டு எந்திரிச்சிருக்கான்யா,” என்றார் ஒருவர். “நாமெல்லாம் கம்பி அறுந்தா வீட்டுக்குப் போயிருப்போம்,” என்றார் இன்னொருவர். “ஓடியே போயிருப்போம்,” என்றார் சர்வேயர். எல்லோரும் சிரித்தார்கள்.

கூடத்து ஆள் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

“இன்னும் ஒரே தடவ. தெரிஞ்சு கேக்கணும்,” என்றார் டாக்டர். கூடத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகாமல் கதவோரம் சாய்ந்து நின்றார்.

மகள் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சர்வேயர் வந்து அவளுக்கு அடுத்திருந்த நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார். பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. அப்பா வீட்டில் இதைப் போட்டால் கதவைச் சாத்து என்று கத்துகிற அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் தலை மெல்லச் சரிந்து மகளின் தோளில் விழுந்தது. மகள் குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த இடம் வந்தது. இந்த முறை சர்வேயர் முகத்தைத் திருப்பவில்லை.

மகள் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.